சுறாவுக்கு வட்டம் போட்டவர்

குறையே இல்லாத பொருள் என்று இந்த உலகத்தில் ஒன்று உண்டா என்ற கேள்விக்கு ஞானிகள் பல விதமாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் அதற்கு ஒரே பதில்தான். “இருக்கலாம்பா. என் டேபிளுக்கு இதுவரைக்கும் வரல.”

சொன்னவர் சாக்பீஸ் அண்ணன். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஷூ தைக்க வருகிற தோலை, வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, தடவி, மடக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர், ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவது அவர் வேலை. ஆடு உயிரோடு இருந்தபோது முள்வேலியில் கீறிக்கொண்ட இடம், உண்ணி கடித்த புள்ளி, உரித்தவன் கத்தி வழுக்கிய தடம், எல்லாவற்றையும் கண்டுபிடித்து சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வெட்டுகிறவர்கள் அந்த வட்டத்தை ஒதுக்கிவிட்டு வெட்ட வேண்டும். நான் அதே கம்பெனியில் பெட்டி எண்ணி லாரி ஏற்றுகிற டெஸ்பாட்ச் ஆசாமி. என் பெட்டிகளில் அவர் வட்டம் போட்ட கதையைச் சொன்னால் எனக்குத்தான் அவமானம்.

வேலையில் இப்படி இருப்பது நல்லதுதான். ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு சங்கு ஊதிய பிறகும் சாக்பீஸ் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு கல்யாணத்தில் மேடை ஏறி, மாப்பிள்ளைக்குக் கை கொடுக்காமல் அவர் காலடியில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏதோ புதுச் சடங்கு என்று நினைத்து போட்டோகிராபர் நாலைந்து படம் எடுத்தார். அண்ணன் எழுந்தபோது மாப்பிள்ளையின் இடது ஷூவில் ஒரு வெள்ளை வட்டம். இடதும் வலதும் வேறு வேறு ஆட்டின் தோலாம். பெண்ணின் அப்பா முகம் போன போக்கைப் பார்த்தால், மாப்பிள்ளைக்கே ரிஜெக்ட் சொல்லிவிட்டார் என்று நினைத்திருப்பார் போல.

வெளிநாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளர் விஷயம் இன்னும் மோசம். அந்த மனிதர் குனிந்து சாம்பிள் ஷூ பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் போட்டிருந்த லெதர் கோட்டின் முதுகில் அண்ணன் அமைதியாக மூன்று வட்டம் போட்டுவிட்டார். மேனேஜர் பார்த்துவிட்டு சுவரில் சாய்ந்தார். கைக்குட்டையோடு பின்னாலேயே போய் அழிக்க நினைத்தவர், எப்படித் தொடுவது என்று தெரியாமல் கேன்டீன் வரை தொடர்ந்து நடந்தார். கடைசியில் வெளிநாட்டுக்காரரே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போடும்போது வட்டங்களைப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். அண்ணன் கை தூக்கினார். வந்தவர் கோட்டை ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோய் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, தன் ஊர்க் கடைக்காரனைத் தன் பாஷையில் ஒரு வார்த்தை திட்டினார். எந்த பாஷையாக இருந்தாலும் திட்டு என்றால் புரிந்துவிடுகிறது.

முதலாளிக்கும் சலுகை கிடையாது. ஒருமுறை கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, சரக்கு அவசரம், அண்ணன் ஒரு முழு லாட்டுக்கே, சேர்ந்து வந்த தோல் மொத்தத்துக்கும், வட்டம் போட்டு வைத்திருக்கிறார். முதலாளி நேரில் இறங்கி வந்து, இந்த ஒரு தடவை பார்த்து விடு என்று கெஞ்சினார். அண்ணன் ஈரத்துணியை எடுத்து அவர் கையில் கொடுத்து, “நீங்க அழிச்சிக்கோங்க சார். நான் போட்டத நான் அழிக்க மாட்டேன்” என்றார். முதலாளி துணியை மடித்து மேசையில் வைத்தார். பிறகு லாட் திரும்பிப் போனது.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு முறை ஆடிப்போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காரணம் ஒரு சுறா மீன். அந்தச் சுறாவை அவருக்கு அறிமுகப்படுத்தி வைத்த மகாபாவி நான்.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக அதே ரயில், அதே வார்டு, அதே ஜன்னலுக்கு வெளியே அதே தண்ணீர்த் தொட்டி. மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அந்த நேரத்தில் அக்காவுக்கு மாலத்தீவில் ஒரு சின்னத் தீவு ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷத்துக்கு வேலை வந்தது. கூடப் படித்த தோழி அங்கே இருக்கிறார். வா வா என்கிறார். அக்காவுக்குப் போக ஆசை. வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமை காலை பதில் அனுப்ப வேண்டும்.

அக்கா அண்ணனிடம் சொன்னதை அவரே என்னிடம் அப்படியே சொன்னார். “நான் பர்மிஷன் கேக்கலங்க. உங்க மனசுல இன்னா இருக்குதுன்னு கேக்கறேன். திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க.”

மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் அவர் ஏன் சாக்பீஸ் வைத்துக்கொண்டு திரிகிறார்? வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் என்னிடம் வந்து மாலத்தீவு எப்படிப்பட்ட ஊர் என்று விசாரித்தார். எனக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சலூன் காலண்டரில் பார்த்ததுதான். நாலு பக்கமும் கடல் அண்ணா, ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கடைக்குப் போவதானால்கூடப் படகுதான் என்று அளந்துவிட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சுறா இருக்குமா என்று கேட்டார். நான் வாய் சும்மா இருக்காத ஜாதி.

“இல்லாமயாண்ணா? அதுங்க சொந்த ஊரே அதானே.”

என் ஜோக்குகளில் ரிஜெக்ட் நிறைய உண்டு. ஆனால் ஒரு மனிதனின் டீ டம்ளர் பாதி வழியில் நின்றுபோனது அன்றைக்குத்தான்.

கெட்ட நேரம், டீக்கடைக்கு எதிர்ச் சுவரில் புதிதாக ஒரு போஸ்டர். தமிழில் டப்பிங் செய்யப்பட்ட வெளிநாட்டுப் படம். ஒரு பெண், ஒரு கடல், பாதி போஸ்டரை அடைத்துக்கொண்டு ஒரு வாய். வேலூரில் ஓடுகிறது. அண்ணன் சாலையைக் கடந்துபோய் அந்த வாய்க்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். திட்டம் தயார்.

கடலுக்கு நேரில் போய்ப் பரிசோதிக்க முடியாது, திங்கட்கிழமைக்குள் நிச்சயம் முடியாது. ஆனால் தோல் தொழிலில் மொத்த லாட்டையும் யாரும் பிரித்துப் பார்த்து வாங்குவதில்லை. முதலில் ஒரு சாம்பிள் வரும், அதைத் தடவிப் பார்த்தால் லாட் எப்படி என்று தெரிந்துவிடும். இந்தப் படம்தான் கடலின் சாம்பிள். சுறா நெஜமாக இருந்தால் கடலும் ஆபத்து. போகாதே என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். சுறா போலி என்றால் போகட்டும். இவ்வளவு தெளிவாக ஒரு தப்பான யோசனையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் அதைத் தடவிப் பார்த்துக் குறை சொல்ல நான் யார்? சனிக்கிழமை இருவரும் அரை நாள் லீவு போட்டு மாட்னிக்கு பஸ் ஏறினோம்.

இங்கே என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நான் லிஃப்டுக்குப் பயப்படுவேன். பல்லிக்குப் பயப்படுவேன். வளையல் கடையில் நிற்கும் துணிப் பொம்மை திடீரென்று பக்கத்தில் தெரிந்தால் மன்னிப்புக் கேட்பேன். தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம். பாலாற்றங்கரையில் பிறந்தவன்தான், ஆனால் எங்கள் ஆற்றில் இறங்கினால் செருப்பில் மணல்தான் ஏறும்; நீச்சல் எங்கிருந்து வரும்? குளியலறையில் முழு வாளி இருந்தால் கதவைத் தாழ் போடாமல் குளிக்கிற ஆளை அண்ணன் சுறா பார்க்க அழைத்துப் போனார்.

கதை சின்னதுதான். கடலுக்குள் மீன் வளர்க்கிறார்கள். தண்ணீரில் மிதக்கிற பெரிய பிளாஸ்டிக் வளையம், அதிலிருந்து கீழே வலை, வலைக்குள் ஆயிரக்கணக்கில் மீன். அந்த வலையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று தைக்கப் போகிறார்கள் ஓர் அக்காவும் தம்பியும். காற்றில் படகின் கயிறு அறுந்து படகு போய்விடுகிறது. இரண்டு பேரும் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு இருக்கும் அந்த வளையத்தின் மேல் நிற்கிறார்கள். மீன் வாசனைக்கு ஒரு சுறா வருகிறது. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கத்தல்.

முதல் நாற்பது நிமிஷம் சுறாவைக் கண்ணிலேயே காட்டவில்லை. அதுதான் வினை. வலையின் கயிறு ஒன்று லேசாக ஆடும். நிற்கும். மறுபடி ஆடும். அந்தப் பெண் கயிற்றைப் பார்ப்பாள். நாம் அந்தப் பெண்ணைப் பார்ப்போம். கயிறு நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும். சத்தம் இல்லை, பாட்டு இல்லை, தண்ணீர் பிளாஸ்டிக்கில் மோதுகிற சளக் சளக் மட்டும். அந்த நேரம் பார்த்து என் வலது காலில் குளிர்ச்சியாக ஏதோ வந்து உரசியது.

நான் எழுந்து சீட்டின் மேல் நின்றேன் என்று பிறகு சொன்னார்கள். “கால எடு, கால எடு” என்று தியேட்டர் முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தேனாம். ஐந்தாறு பேர் நம்பி எடுத்தும்விட்டார்களாம். உரசியது பின் வரிசையிலிருந்து உருண்டு வந்த தண்ணீர் பாட்டில். பின்னாலிருந்த அம்மா கவலையோடு முன்னால் குனிந்து, உங்க தம்பிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று அண்ணனைக் கேட்டார்.

“உடம்பெல்லாம் நல்லா இருக்குதும்மா. டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன்” என்றார் அண்ணன்.

அப்போதுதான் கவனித்தேன், அவர் மடியில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். சுறாவை மட்டுமா பரிசோதித்தார், என்னையும்தான். நான் எங்கெங்கே கத்தினேன் என்று இருட்டில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். மொத்தம் ஒன்பது இடம். படம் முடிந்து வெளியே வந்ததும் அண்ணன் முகத்தில் நிம்மதி. சுறா நெஜம்தான்பா, ஒன்பது தடவை கத்தினாயே என்று என் தோளைத் தட்டினார். என் கோழைத்தனம் ஒருவருக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில் எனக்கும் கொஞ்சம் பெருமை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்போது அவர் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. “ஒரு தடவ மடக்கிப் பாத்தா போதாதுபா. அதே எடத்துல மறுபடி மடக்கணும். அப்பவும் வெடிப்பு விடலன்னாதான் அது சரக்கு.”

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மறுபடி நான். இந்த முறை இடைவேளை வரை நான்கு இடத்தில்தான் கத்தினேன். அண்ணன் விளக்கு போட்டதும் இரண்டு நாள் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, புருவத்தைச் சுருக்கினார். சுறா வாயைப் பிளந்துகொண்டு பாய்கிற இடங்கள், தடதடவென்று டிரம் அடிக்கிற இடங்கள், இவை எதற்கும் இரண்டாம் முறை நான் கத்தவில்லை. மறுபடி கத்தின இடமெல்லாம் சுறா இல்லாத இடம். கயிறு ஆடுவது. தம்பியின் ஈரக் கை அக்காவின் கையிலிருந்து மெல்ல நழுவுவது. கடல் திடீரென்று சத்தமில்லாமல் ஆவது.

“இந்தப் படத்துல சுறா வந்தா பயம் கம்மியாவுது, வராட்டி ஜாஸ்தியாவுது. இன்னாபா இது” என்றார். ஆச்சரியமாக இருந்தது எனக்கும். படம் எடுத்தவனுக்கு எதைக் காட்டக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. பிறகு அவனே பொறுமை இழந்து காட்டிவிட்டான்.

காட்டியதுதான் அண்ணனிடம் மாட்டிக்கொண்டது. இடைவேளைக்குப் பிறகு அவர் என்னை விட்டுவிட்டு சுறாவைக் கவனிக்க ஆரம்பித்தார். சுறா உறுமியது. மீன் எப்படி உறுமும், அதற்குத் தொண்டை எங்கே என்றார். வட்டம் ஒன்று. சுறாவின் முகத்தில் ஒரு பழைய காயத் தழும்பு. ஒரு காட்சியில் இடது பக்கம் இருந்தது, அடுத்த காட்சியில் வலது பக்கம். வட்டம் இரண்டு. அக்காக்காரி தொடையில் ரத்தம் வழிகிறது என்று இடுப்பு பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டினாள். ஒன்றரை நாள் உப்புத் தண்ணீரில் நனைந்த பெல்ட், அவிழ்க்கும்போது கடையில் வாங்கினது போல வழவழவென்று வந்தது. அண்ணனுக்கு அதுதான் தாங்கவில்லை. எங்கள் ஊரில் அந்த பெல்ட் காட்சிக்கு மட்டும் பத்துப் பேர் எழுந்து வெளியே போயிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் சுறாவின் தோல். பெரிதாக, கேமராவை உரசிக்கொண்டு ஒரு காட்சியில் போனது. அண்ணன் முன் சீட்டைப் பிடித்து எழுந்தேவிட்டார்.

“வயித்துப் பக்கம் தளர்வா இருக்கணும்பா. முதுகு டைட்டா இருக்கணும். கழுத்துல மடிப்பு இருக்கணும். இது எல்லா எடமும் ஒரே மாதிரி இருக்குது. உயிரோட இருந்த எதுக்கும் அப்படி இருக்காது. இது ஷீட்டு.”

அவர் வாழ்நாளில் சுறாவைப் பார்த்ததில்லை. ஆட்டையும் மாட்டையும் வைத்துச் சொன்னார். இருந்தாலும் அவர் சொன்ன பிறகு எனக்கும் அது ரெக்சின் சோபா நீந்துகிற மாதிரித்தான் தெரிந்தது. அடுத்து அது பாய்ந்தபோது நான் கொட்டாவி விட்டேன். என் வாழ்க்கையிலேயே தைரியமான நிமிஷம் அது.

வெளியே வந்து பிரியாணி சாப்பிட உட்கார்ந்தோம். சுறா போலி, கடல் பத்திரம், அக்கா போகலாம், கணக்கு முடிந்தது என்று நான் சந்தோஷமாகக் கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றிப் பிசைந்தேன். எதிரே அண்ணன் ஒரு துண்டு கறியை இலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். நல்ல கறி. அதைக்கூட அவர் தரம் பார்க்கவில்லை.

“மத்தியான ஷோவும் பாத்துடலாமா?” என்றார். “நாம அவசரப்பட்டுட்டோமோ இன்னாவோ.”

மூன்றாம் முறை. டிக்கெட் கொடுப்பவர் என்னைப் பார்த்து, சார் படத்துல உங்க சொந்தக்காரங்க யாராவது நடிச்சிருக்காங்களா என்று கேட்டார். உள்ளே உட்கார்ந்ததும் விசித்திரம் ஆரம்பித்தது. காலையில் சுறாவுக்கு வட்டம் வட்டமாகப் போட்ட மனிதர், இப்போது சுறாவின் வக்கீலாகிவிட்டார். கண்ணைப் பாருபா, கண் நல்லாத்தான் இருக்குது என்றார். அந்த வாலைத் திருப்பினது பார், அது நெஜ மீன்தான், நடுவுல ஒன்னு ரெண்டு ஷாட்டு நெஜத்தப் போட்டிருப்பான் என்றார். உறுமினது சுறா இல்லை, படகு மோட்டாராக இருக்கும் என்றார். படகு போய் ஒரு நாளாகிவிட்டதே அண்ணா என்றேன். நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சுறா நெஜமாக இருக்க வேண்டும் என்று இந்த ஆள் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருக்கிறார். போகாதே என்று சொல்ல அவருக்கு வேறு காரணமே இல்லை. இருந்த ஒரே காரணம் திரையில் ரப்பர் வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி உண்டு. தம்பி போன பிறகு வருவது. மறுநாள் காலை, வெயில், கடல் தட்டையாக இருக்கிறது. அக்காக்காரி வளையத்தின் மேல் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். சுறா இல்லை, சத்தம் இல்லை. பையில் கடைசியாக ஒரு பிஸ்கட் இருக்கிறது. அதை எடுக்கிறாள். முந்தின இரண்டு முறையும் இந்தக் காட்சியில் நான் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். போகவில்லை, துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் முறை திரையை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தேன். பேனா நோட்டில் ஊன்றியபடி நின்றுவிட்டது.

நான் ஜோக்கடிக்கிறவன், எனக்குத் தெரிந்த உதவி பொய் ஒன்றுதான். அவர் காதருகே குனிந்தேன்.

“ண்ணா, அக்கா இந்தப் படத்த பாக்கப் போறதில்ல. சுறா ஒண்ணாம் நம்பர்னு சொல்லிடுங்க. நானும் சாட்சி சொல்றேன். யாரு வந்து திருப்பிப் பாக்கப் போறாங்க?”

திரையில் சுறா டீசல் கேனைக் கவ்விக்கொண்டு வந்தது. அக்காக்காரி அவசர வெளிச்சத்துக்கு வைத்திருந்த துப்பாக்கியால் சுட்டாள். சுறா தீபாவளி மாதிரி வெடித்தது. அதே நொடியில் ஹெலிகாப்டர் வந்தது, மூன்று நாளாக எங்கே டீ குடித்துக்கொண்டிருந்ததோ தெரியவில்லை. மூன்று நாள் கடலில் கிடந்தவளின் தலைமுடி காற்றில் காய்ந்து பறந்தது. தியேட்டரே விசில் அடித்தது. கடைசி இருபது நிமிஷத்தையும் வெட்டி எடுத்துக் குப்பையில் போட வேண்டும் என்று வழக்கமாகச் சொல்லியிருப்பார். சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒத்திகை பார்த்தார். சுறா நல்ல சுறாதான் என்றார் முதலில். கேட்க நன்றாக இல்லை. சுறா நெஜம்தான் ஸ்டெல்லா என்று அடுத்தது. மாதனூர் வரும்போது பரவாயில்லாமல் வந்தது. நான் தலையை ஆட்டி உற்சாகப்படுத்தினேன். ஆனாலும் அந்த ‘நெஜம்’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமினார்.

வீட்டில் ஸ்டெல்லா அக்கா மறுநாள் டூட்டிக்கு வெள்ளைப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலோடு நழுவப் பார்த்தேன். நீயும் உக்காரு, மூணு தடவ பாத்திருக்கிறியே என்று டீயைக் கையில் கொடுத்துவிட்டார். சுறா விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. வேலூரில் சீட்டு மேல் ஏறி நின்றால் ஆம்பூரில் ஆறு மணிக்குள் தெரிந்துவிடும்.

“சொல்லுங்க. சுறா எப்படி?” அக்கா சிரிக்காமல்தான் கேட்டார்.

அண்ணன் நோட்டைத் திறந்தார். நான் டம்ளருக்கு மேலாகக் கண்ணால் ஜாடை காட்டினேன், சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று. கண்ணு வந்து என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். வாலு இருக்குது பாரு என்றார். மறுபடி நிறுத்தினார். நோட்டை மூடிவிட்டார்.

“ரிஜெக்ட்டும்மா. மொத்தமும் ரப்பரு.”

என் டீ எனக்குள் தப்பான வழியில் போனது. மூன்று காட்சி, ஒன்பதும் நான்கும் பதிமூன்று கத்தல், எல்லாம் வீண்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “அப்ப அந்தப் படத்துல நல்லதா ஒண்ணும் இல்லியா?”

“இருக்குது.” அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒரு பத்து நிமிஷம். சுறா இல்ல, ஒண்ணும் இல்ல. தம்பி பூட்டான். அந்தப் பொண்ணு தனியா அந்த வளையத்து மேல குந்திட்டிருக்குது. ஒரே ஒரு பிஸ்கட்டு இருக்குது. அத ரெண்டா உடைக்குது. ஒரு பாதிய இந்தாண்ட நீட்டுது. நீட்டிட்டு, அப்புறம்தான் பக்கத்துல ஆள் இல்லன்னு அதுக்கு ஞாபகம் வருது. அதுல ஒரு கீறல் இல்லம்மா. மூணு தடவ பாத்துட்டேன். எங்கயும் வட்டம் போட முடியல.”

இருபத்திரண்டு வருஷம் நோயாளிகளின் முனகலிலிருந்து வலி எங்கே என்று கண்டுபிடித்த பெண்மணி அவர். புடவையின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணு கடைசில கரைக்கு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எத்தன நாள்ல?”

“மூணு நாளு.”

“எனக்கு ரெண்டு வருஷம் ஆவும். வந்துடுவேன்.”

அண்ணன் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ரொம்பச் சாதாரணமாக, பக்கத்துத் தெரு கடைக்கு அனுப்புகிற குரலில், “போய்ட்டு வா” என்றார்.

திங்கட்கிழமை காலை அக்கா பதில் அனுப்பினார். அடுத்த மாதம் ஏர்போர்ட்டில் அண்ணன் பெட்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றதையும், அதற்கு நான் சக்கரத்தில் ஏதோ குறை பார்க்கிறார் என்று செக்யூரிட்டியிடம் விளக்கம் சொன்னதையும் எழுதினால் அவர் என்னோடு பேச மாட்டார். ஒரு நாள் அக்கா படகுத்துறையிலிருந்து வீடியோ அனுப்பினார். பலகைக்குக் கீழே கண்ணாடி மாதிரி தண்ணீர். அதில் நிஜச் சுறாக் குட்டிகள் மூன்று நான்கு, பூனை நடை போட்டுக்கொண்டு போகின்றன. நான் போனைத் தள்ளி வைத்துக்கொண்டு பார்த்தேன். அண்ணன் மூக்கருகே வைத்து மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். சுறாத் தோலைப் பற்றி இனி ஒரு வாரத்துக்கு வகுப்பு நடக்கும் என்று காத்திருந்தேன். சுறாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தின் ஓரத்தில் தெரிந்த அக்காவின் பாதத்தைக் காட்டி, “வெயில்ல செருப்பு போடாம நிக்குது பாரு” என்றார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாட்னிக்கு நான் இரண்டு டிக்கெட்டாகவே எடுத்துவிடுகிறேன். என்ன படம் என்று அவர் கேட்பதில்லை, நானும் பார்ப்பதில்லை. விளக்கு அணைந்ததும் பயந்துவிட்டவன் போல அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். போன வாரம் பார்த்தது குடும்பச் சித்திரம். பயப்பட அதில் ஒரு நாய்கூட இல்லை. இருந்தாலும் இடைவேளை வரை நான் கையை விடவில்லை, அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.